பழைய வண்டியும் இளைய ஆசையும்



சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில், மோட்டார் வண்டி வாங்கும் யோசனை இக்காலத்தில் இளைஞர்களிடமிருந்தே பிறக்கிறது. பெரியவர்கள் கேட்பது இடவசதி. இளைஞர்கள் கேட்பது வேகமும் வடிவழகும். வருமானமோ நடுத்தரம். ஆகவே பேச்சு, பிறர் ஓட்டிய பழைய வண்டியில் வந்து நிற்கிறது. குறைந்த பணத்தில் துடிப்புள்ள பழைய வண்டியொன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். இளைஞர்கள் மோகிக்கும் இரு கதவு வண்டிக்குக் 'கூப்பே' என்று பெயர். அது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்பது பொருள். குதிரை பூட்டிய பழைய பெட்டி வண்டிகளில் எதிரெதிராக இரு ஆசனங்கள் இருந்தன. முன் ஆசனத்தை வெட்டி நீக்கி, இருவருக்கு மட்டும் இடம் வைத்த வண்டி அப்பெயரைப் பெற்றது. ஆக, இடத்தைக் குறைத்து அழகைக் கூட்டுவதே கூப்பேயின் இலக்கணம்.

இரு கதவு வண்டி நமக்குப் புதிதன்று. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிக்குத் தொடக்கத்தில் இரண்டே கதவுகள்தாம். ஆனால் இன்று நம் நாட்டுச் சந்தையில் உண்மையான கூப்பேக்கள் பெரும்பாலும் உயர்ந்த விலையுள்ள அயல்நாட்டு வண்டிகளே. அவை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியபின், சாதாரணப் புது வண்டியின் விலைக்கு இறங்கி வருகின்றன. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் தமக்கை மகன் குருகிராமில் வேலை பார்க்கிறான். ஆறு லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். தங்கையின் திருமணத்துக்கு உதவ வேண்டிய பணமும் அதில் அடக்கம். பழைய வண்டி வியாபாரத்துக்குப் பேர்போன கரோல் பாக்கில், பதினோரு ஆண்டு ஓடிய ஜெர்மன் கூப்பே ஒன்று அவன் கண்ணில் பட்டது. விலை ஒன்பது லட்சம். மீதிக்குக் கடன் வாங்கலாம் என்பது அவன் எண்ணம். "புதிதாக வாங்கினால் இதன் விலை என்ன தெரியுமா, மாமா?" என்று கேட்டான். "அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றேன்.

வண்டியின் விலை வயதோடு இறங்கும். அதன் உதிரிப் பாகங்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. ஒன்பது லட்சத்துக்கு வாங்கினாலும், விளக்கு உடைந்தால் ஐம்பது லட்ச ரூபாய் வண்டியின் விளக்கைத்தான் வாங்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆகவே வண்டியை விற்பவர் சொல்லும் தொகையை விலை என்று கொள்ளாதீர்கள். கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சியதற்குள் வண்டியைத் தேடுங்கள். டயர், மின்கலம், பிரேக், காப்புறுதி ஆகிய செலவுகள் முதல் ஆண்டிலேயே கதவைத் தட்டும்.

வேகம் வேண்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்வது நலம். சுறுசுறுப்பு குதிரைத்திறனால் மட்டும் வருவதன்று; எடைக் குறைவாலும் வரும். 2018இல் வெளிவந்த மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. எளிய இயந்திரமாயினும் அது துள்ளி ஓடுவதன் காரணம் இதுவே. இன்னும் விறுவிறுப்பை நாடுவோர் 2013இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வண்டியைப் பார்க்கலாம். 1.2 லிட்டர் இயந்திரம் டர்போவின் துணையால் 105 குதிரைத்திறன் தரும். ஆனால் அதன் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி பழுதுபட்டால் செலவு மிகுதி. போலோ இந்தியாவில் 2022இல் நின்றுவிட்டது. நின்றுபோன வண்டியை வாங்குமுன், அதன் பாகங்கள் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா, அதை அறிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

இனி, வண்டியைப் பரிசோதிக்கும் முறை. காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இயந்திரம் சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை ஓயாதிருந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓடிய தூரம் குறைவு என்று மீட்டர் காட்டி, பிரேக் மிதி தேய்ந்து வழவழத்திருந்தால், மீட்டரை நம்பாமல் மிதியை நம்புங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் சந்தைக்கு வரும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. அப்படிப்பட்டது துடைத்து மெருகேற்றப்பட்டு வேற்று மாநிலத்தில் விலைக்கு நிற்கக்கூடும். இருக்கை வாரை முழுவதும் இழுத்துப் பாருங்கள்; அடிநுனியில் சேற்றின் கறை இருந்தால் திரும்பிவிடுங்கள். அதுபோலவே, முன்னவர் இயந்திரத்தின் திறனைச் செயற்கையாக ஏற்றியோ, இரைச்சலிடும் புகைக்குழாய் பொருத்தியோ வைத்த வண்டியும் வேண்டா. பதிவிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குக் காகிதங்களே முக்கியம். மாநிலம் மாற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு, பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28இன்படி ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புது எண் பெற வேண்டும். சாலை வரியும் அங்கே செலுத்த வேண்டும். காப்புறுதியைப் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தவறினால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஈடு கிடைப்பது ஐயமே.

டில்லி அன்பர்களுக்கு ஒரு சொல். பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. 2025இல் அது மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்து மாறுதல் கண்டது. ஒன்பதாண்டு டீசல் வண்டி மலிவாகக் கிடைத்தால் அம்மலிவின் காரணத்தை ஆராயுங்கள். அன்றைய விதியைக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுங்கள்.

என் தமக்கை மகன் இரண்டு வாரம் யோசித்தான். ஊரிலிருந்து தாய் தந்தையர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும்போது, முழங்கால் வலியுள்ள தாயை எந்த ஆசனத்தில் மடக்கி உட்கார வைப்பது என்பதையும் யோசித்தான் போலும். ஐந்தாண்டு ஓடிய ஸ்விஃப்ட் ஒன்றை நான்கரை லட்சத்துக்கு வாங்கினான். கடனில்லை, தங்கைக்குரிய பணமும் இருக்கிறது. மலைச்சாலையில் அதை ஓட்டி வந்து மகிழ்ச்சியோடு பேசினான்.

ஆசையை அடக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இளமையில் வேகத்தை விரும்பாதவர் யார்? நம் வருவாய் எந்த ஆசைக்குத் தீனி போட வல்லது என்பதை வாங்குமுன் அளந்துகொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வாங்கும் நாளில் கிடைக்கும் இன்பத்தை யாரும் பெறலாம்; மூன்றாம் ஆண்டிலும் அவ்வின்பம் நிலைத்திருக்கும்படி வாங்குவதே திறமை.