கைகள் இருந்தன, பட்டறை போயிற்று

பிள்ளைகளை அனிமேஷன் படிக்க வைத்துவிட்டு உறவினர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்த பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

உங்கள் தொழிலைப் பற்றிப் பேச அழைத்தார்கள். செக் நாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் நாடு அது. பொம்மைப் படங்களால் உலகைத் தன் பக்கம் திருப்பியது. பிறகு அந்தத் தொழில் நொடித்தது. இப்போது மெல்ல எழுகிறது. அங்கே எது போயிற்று, எது பிழைத்தது என்பது வேலைக்குப் போகும் நேரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைத்தெருவில் பார்க்கும் பாட்டா செருப்புக் கம்பெனிதான் 1936இல் ஸ்லீன் நகரில் விளம்பரப் படங்களுக்காக ஒரு ஸ்டுடியோவைக் கட்டியது. ஹெர்மினா திர்லோவாவும் காரெல் ஸெமனும் அங்கே வேலை பார்த்தவர்கள். கண்ணாடிப் பொம்மைகளையே அசைய வைத்துப் படமெடுத்தார் ஸெமன். போர் முடிந்து, 1945இல் திரைத்துறை அரசுடைமை ஆனது. அதே ஆண்டு பிராக் நகரில் யிர்ஷி த்ருன்கா தம் நண்பர்களோடு ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

த்ருன்காவின் பொம்மைகளைப் பாருங்கள். வாய் திறக்காது, இமை மூடாது. முகத்தில் தீட்டிய பார்வை படம் முழுக்க அதேதான். தலை சற்றே சாயும், விளக்கு இடம் மாறும், நிழல் கன்னத்தில் விழும். நமக்கு அழுகை வந்துவிடும். அந்தப் பொறுமைக்குப் பின்னால் அரசிடமிருந்து மாதாமாதம் வந்த சம்பளம் இருந்தது. தச்சர், தையற்காரர், பொம்மைக்குள் உலோக எலும்புக்கூடு செய்பவர் என ஒரு கூட்டமே படத்துக்குப் படம் கலையாமல் ஒரே கூரையின் கீழ் இருந்தது.

அதே அரசுதான் குரல்வளையையும் பிடித்தது. 1965இல் த்ருன்கா எடுத்த ‘கை’ என்ற படத்தில், ரோஜாச் செடிக்குத் தொட்டி வனைந்துகொண்டிருக்கும் ஒரு கலைஞனிடம் பிரம்மாண்டமான கை ஒன்று வந்து, தன்னைச் சிலையாக வடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறது. 1969இல் த்ருன்கா மறைந்தார். அதன் பிறகு அந்தப் படத்தைத் தடை செய்தார்கள். ஆகவே, அந்தக் காலமே திரும்பி வரட்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்தது. தணிக்கை ஒழிந்தது, கூடவே சம்பளமும் ஒழிந்தது. யிர்ஷி பார்தா, மரத்தில் செதுக்கிய பொம்மைகளை வைத்து 1986இல் ‘எலி பிடிப்பவன்’ என்ற அபாரமான படத்தை எடுத்தவர். அடுத்து ‘கோலெம்’ எடுக்க நினைத்தார். முன்னோட்டமாகச் சில நிமிடங்கள் எடுத்ததோடு, பணமில்லாமல் அது நின்றுபோனது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. அவருக்குத் திறமை குறையவில்லை. அந்தத் திறமையைச் சுற்றி நின்ற பட்டறைதான் இல்லாமல் போயிற்று.

பிழைத்தவை கல்லூரிகள். பிராகின் ஃபாமு திரைப்படப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது தாரியா காஷ்சேயேவா ‘மகள்’ எடுத்தார். பொம்மைகளின் கண்களைத் தூரிகையால் மாற்றி மாற்றித் தீட்டினார். கையில் பிடித்த கேமரா நடுங்குவதுபோன்ற அசைவைக்கூட ஒவ்வொரு ஃபிரேமாக உண்டாக்கினார். 2020இல் அது ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. த்ருன்கா அசையாமல் விட்ட கண்ணைத்தான் இவர் எடுத்துக்கொண்டார். இன்னொரு கலைக் கல்லூரியில் யாகுப் த்வோர்ஸ்கி பட்டப் படிப்புக்காகச் செய்த ‘சமோரோஸ்ட்’ ஒரு கணினி விளையாட்டு. அதிலிருந்து வளர்ந்த நிறுவனம்தான் 2009இல் ‘மெஷினேரியம்’ என்ற விளையாட்டைத் தந்தது. அனிமேஷன் படித்தவருக்குச் சோறு போடும் இடம் திரையரங்கு மட்டுமல்ல என்பதை அந்த நாடு அன்றே கண்டுகொண்டது.

முழுநீளப் படத்துக்கு உள்நாட்டுச் சந்தை போதாது. ‘எலிகளுக்கும் சொர்க்கம் உண்டு’ படத்தை 2021இல் முடிக்க நான்கு நாடுகள் கைகோக்க வேண்டியிருந்தது. காபூலில் நடக்கும் கதையை மிகேலா பாவ்லாதோவா எடுத்ததும் கூட்டுத் தயாரிப்பில்தான். 2025 முதல் அரசு உதவி விரிந்திருக்கிறது: அனிமேஷனுக்குத் தகுதியுள்ள செலவில் 35 சதவீதம் திரும்பக் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பணம் வெளிநாட்டாரின் படத்துக்குக் கூலி வேலை செய்வதோடு நின்றுவிட்டால் எனக்கு நிறைவு இல்லை. ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை அந்த எலும்புக்கூடு செய்பவருக்கு யார் சம்பளம் தருவது? செக் ஸ்டுடியோக்கள் இன்னும் இதற்கு விடை காணவில்லை. நாளை நீங்கள் நால்வர் சேர்ந்து ஒரு சிறு ஸ்டுடியோ வைத்தால், முதல் படத்தின் பட்ஜெட்டிலேயே அந்த இடைக்காலத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

லிபரெட்ஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் அனிஃபில்ம் விழாவில் மாணவர் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. உங்கள் பட்டப் படங்களை அனுப்புங்கள்.