மூளைக்காய்ச்சல் போச்சு, வலிப்பு பின்னால வந்தது

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கடலூர் மாவட்டத்துக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. சந்தா கட்டிட்டு ஓரமா உட்கார்ற ஆளு நான். ஊக்குநர் அக்காதான் "உன் பொண்ணு விஷயத்தைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு எழுப்பி விட்டாங்க.

என் மகளுக்கு ஆறு வயசு. நடவு முடிஞ்ச மழை நேரம், காய்ச்சல் வந்தது. ரெண்டு நாள் கடை மாத்திரை கொடுத்தேன். மூணாம் நாள் வாந்தி, தலைவலி, கூப்பிட்டா சரியா பதில் இல்லை. சாயங்காலம் கை கால் வெட்டி இழுத்தது. ஜன்னின்னு சொல்லி எங்க அத்தை வேப்பிலை அடிக்கச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அண்ணன்தான் வண்டி பிடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வைரஸ் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் என்றார்கள். பதினெட்டு நாள் கிடந்தோம். பிழைச்சுட்டா. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைச்சு, அதோடு முடிஞ்சதுன்னு இருந்தேன்.

ரெண்டு வருஷம் ஒண்ணுமில்லை. அப்புறம் டீச்சர் கூப்பிட்டு, "பாடம் நடத்தும்போது வெறிச்சுப் பார்க்கிறா, சும்மா வாயை மெல்லுறா, சட்டையை நிமிண்டுறா, கூப்பிட்டா திரும்பலை"ன்னாங்க. ஒரு நிமிஷத்தில் சரியாயிடும். நான் திமிருன்னு நினைச்சு அடிச்சேன். அந்தக் கையை இன்னிக்குப் பார்த்தாலும் கூசுது. அதுவும் ஒரு வகை வலிப்புதான் என்பது, ஆறு மாசம் கழிச்சு அவள் குழாயடியில் விழுந்து இழுத்த பிறகுதான் தெரிஞ்சது.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். புண் ஆறினாலும் தழும்பு நிக்குதில்ல, மூளைக்குள்ளேயும் அப்படி நிக்குமாம். அந்த இடத்திலிருந்து மின்சாரம் தாறுமாறாகக் கிளம்பினால் வலிப்பு. எல்லோருக்கும் வராது. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை 20 வருஷக் கணக்குப் பார்த்து 1988-ல் எழுதியிருக்கிறார்களாம். மூளைக்காய்ச்சல் நேரத்திலேயே வலிப்பும் வந்தவர்களில் 100-க்கு 22 பேருக்குப் பின்னால் வலிப்பு வந்தது. அப்போது வலிப்பு வராதவர்களில் 100-க்கு 10 பேர். முதல் அஞ்சு வருஷம்தான் அதிகக் கவனம் வேணும், அதுக்கு மேலேயும் வரலாம்.

இதைக் கேட்டு எல்லாக் காய்ச்சலுக்கும் பயப்படாதீங்க. சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் காய்ச்சல் சூட்டில் வர்ற ஜன்னி வேற. அதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பின்னால் வலிப்பு நோய் வர்றதில்லை. ஆனால் காய்ச்சலோடு மயக்கம், உளறல், கழுத்து விறைப்பு, இழுப்பு எது வந்தாலும் வேப்பிலை வேண்டாம், 108-க்கு போன் போடுங்க.

அடுத்தது மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுத்தார்கள். அஞ்சு மாசம் வலிப்பே இல்லை. சரியாயிடுச்சுன்னு திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போனப்போ மாத்திரையை எடுத்துட்டுப் போகலை. ஆறாம் நாள் விழுந்தாள். ஓடி வந்தவங்க கையில் சாவிக்கொத்தைத் திணிச்சாங்க, ஒருத்தர் பல்லுக்கு நடுவில் கரண்டியை விட்டார். முன்பல் உடைஞ்சதுதான் மிச்சம். வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணியும் ஊத்தக் கூடாது. கூரான சாமானைத் தள்ளி வைச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ ஆஸ்பத்திரி. மாத்திரையை நிறுத்துவது டாக்டர் வேலை, நம்ம வேலை இல்லை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பாங்க.

என் மகளுக்கு எந்த வைரஸ்னு கடைசி வரை பிடிபடலை. பல வைரஸ் இப்படிச் செய்யுமாம். நம்ம பக்கம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உண்டு. இந்தியாவில் அது முதன்முதலில் தெரிய வந்ததே 1955-ல், நம்ம வேலூர்ப் பக்கம்தான். நெல் வயல் தண்ணியில் வளர்ற கொசு, பன்றி, கொக்கு மேலிருந்து நமக்குக் கொண்டு வருது. ஆளுக்கு ஆள் ஒட்டாது. இதுக்குத் தடுப்பூசி இருக்கு. 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16-லிருந்து 24 மாசத்துக்குள் ஒண்ணு. என் மகளுக்கு நான் போடலை. ஊசி போட நர்ஸ் அம்மா வந்த அன்னிக்கு நாங்க கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தோம். வேலைக்குப் போற தாய்மாரே, அட்டையைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. எந்த ஊரில் இருந்தாலும் நர்ஸ் அம்மாகிட்ட கேளுங்க.

மகளுக்கு இப்போ 19 வயசு. வலிப்பு வந்து மூணு வருஷம் ஆச்சு. தையல் படிச்சிருக்கா. வரன் வருது, போகுது. "சொல்லாமல் முடிச்சிடு"ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. வலிப்பைக் காரணம் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளி வைக்கிற சட்டத்தையே 1999-ல் மாத்திட்டாங்க. அப்புறம் எதுக்கு மறைக்கணும்? மாத்திரையை ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டு, ஒரு நாள் விட்டுப்போனா அவதானே விழுவா? கர்ப்பமாகும் முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மாத்தணுமா எனக் கேட்கவும் வேணும். கேட்டுட்டு வர்ற மாப்பிள்ளை வந்தா போதும்.

வர்ற புதன்கிழமை அங்கன்வாடியில் தடுப்பூசி நாள். கைக்குழந்தை வைச்சிருக்கிற உறுப்பினர்கள் பேரைத் தீர்மான நோட்டுப் பின்பக்கம் எழுதி வைச்சிருக்கேன், ஆறு பேர் வரணும். கடன் கணக்கு பற்றி அடுத்து அக்கா பேசுவாங்க.