"மூணும் பொண்ணா?" என்று கேட்ட ஊருக்கு ரோடு வந்த கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதனை செய்த பெண் ஒருத்தரைப் பற்றிப் பேசுங்க என்று தலைவி அக்கா சொன்னாங்க. நான் பேச்சாளர் கிடையாது. நம்ம குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவள். கணக்கு எழுதுகிறவளுக்கு யார் கதையைப் படித்தாலும், வரவு எங்கிருந்து வந்தது, செலவை யார் ஏற்றுக்கொண்டாங்க என்றுதான் கண் போகும். அப்படிப் படித்ததில் என் மனசில் நின்றுபோன ஒரு பொண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பேர் லவ்லினா போர்கோஹெய்ன். குத்துச்சண்டை வீராங்கனை.

'குத்துச்சண்டையா, பொம்பளைப் பிள்ளைக்கா?' என்று பின்னாடி யாரோ சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, தப்பில்லை. உலகமே ரொம்ப நாள் அப்படித்தான் சிரித்தது. ஒலிம்பிக் போட்டியில் ஆண்களுக்குக் குத்துச்சண்டை 1904-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு எப்போ வந்தது தெரியுமா? 2012-ல், லண்டனில். நூற்றி எட்டு வருஷம் கழித்து! அந்த முதல் வாய்ப்பிலேயே நம்ம நாட்டுக்கு வெண்கலப் பதக்கம் வாங்கித் தந்தவர் மணிப்பூர் மேரி கோம். அப்போது அவர் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். இந்தியா ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இதுவரை வாங்கியது மொத்தமே மூணு பதக்கம். 2008-ல் விஜேந்தர் சிங், 2012-ல் மேரி கோம், 2021-ல் லவ்லினா. மூணில் ரெண்டு பெண்கள் வாங்கினது. இப்போ சிரிப்பு அடங்கியிருக்கும்!

லவ்லினாவின் ஊர் அசாம் மாநிலம், கோலாகாட் மாவட்டத்தில் பரோமுகியா என்கிற கிராமம். நம்ம நாட்டுத் தேயிலையில் ஏறக்குறைய பாதி விளைகிற மாநிலம் அது. பிறந்த நாள் 1997 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. அப்பா சின்ன வியாபாரம் செய்கிறவர், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டவர். முதலில் பிறந்தது இரட்டைப் பெண் குழந்தைகள். மூணாவதும் பொண்ணு. அதுதான் லவ்லினா.

மூணாவதும் பொண்ணு என்றால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? அசாமில் பேசுகிற பாஷைதான் வேறு, பேச்சு ஒண்ணுதான். அந்த அம்மாவும் அதையெல்லாம் காது நிறைய வாங்கினவங்கதான். ஆனால் வாசலில் நின்று யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. பொண்ணுங்ககிட்டே, நீங்க ஏதாவது செய்து காட்டணும் என்று சொல்லி வளர்த்தாங்க.

வீட்டில் முதலில் விளையாட்டுக்குப் போனது அக்காமார் ரெண்டு பேரும். கையாலும் காலாலும் சண்டை போடுகிற கிக் பாக்ஸிங் ஆடி, தேசிய அளவு வரைக்கும் போனாங்க. அவங்களைப் பார்த்துத்தான் கடைக்குட்டியும் அதே மாதிரியான முய் தாய் என்கிற சண்டைக் கலையைக் கற்றுக்கொள்ளப் போனது. ஒருநாள் அப்பா வாங்கி வந்த இனிப்புப் பொட்டலத்தின் செய்தித்தாளில் முகம்மது அலியின் படம் இருந்ததாம். யார் இவர் என்று பொண்ணு கேட்க, அப்பா அந்தக் குத்துச்சண்டை வீரரின் கதையைச் சொன்னாராம். கசக்கி எறிகிற காகிதம்தான். ஆனாலும் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு அப்பா இருந்தார் பாருங்க!

2012-ல் இந்திய விளையாட்டு ஆணையம் பர்பதார் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வீரர் தேர்வு நடத்தியது. லவ்லினா படித்த பள்ளி அது. அங்கே பதும் போரோ என்கிற பயிற்சியாளர் இந்தப் பொண்ணைக் கண்டுபிடித்தார். நல்ல உயரம், நீளமான கை, பயமில்லாத கண். குவாஹாட்டியில் இருக்கிற பயிற்சி மையத்துக்கு அனுப்புங்க என்றாங்க. ஏறக்குறைய பதினைந்து வயசு. நம்ம வீடுகளில் அந்த வயசில்தான், 'போதும், இனிமே வீட்டோடு இரு' என்று சொல்வோம். அந்த வீட்டில் பெட்டி கட்டி அனுப்பி வைத்தாங்க.

குத்துச்சண்டை என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன், ஏன்னா டி.வி.யில் பார்க்கும்போது வெறும் அடிதடி மாதிரி தெரியும். மூணு நிமிஷம் ஒரு சுற்று, மொத்தம் மூணு சுற்று. சுற்றிலும் ஐந்து நடுவர்கள் உட்கார்ந்து மார்க் போடுவாங்க. இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது, முதுகில், பின்னந்தலையில் அடிக்கக் கூடாது. உடம்பு எடைக்கு எடை சரியாக இருந்தால்தான் மேடை ஏற முடியும். போட்டி அன்றைக்குக் காலையில் தராசில் நிற்கணும், கொஞ்சம் கூடினாலும் வெளியே. அதனால் சாப்பாடு, தூக்கம், ஓட்டம் எல்லாம் கணக்கு. ஒன்பது நிமிஷச் சண்டைக்கு ஒன்பது வருஷம் உழைக்கிற விளையாட்டு இது. 2012-ல் தேர்வானவர் 2021-ல்தான் ஒலிம்பிக் மேடை ஏறினார். எண்ணிப் பாருங்க, சரியாக ஒன்பது வருஷம்.

நடுவில் 2018-லும் 2019-லும் உலகப் போட்டியில் வெண்கலம். 2020 மார்ச்சில் ஜோர்டான் நாட்டில் நடந்த தகுதிப் போட்டியில் ஜெயித்து, அசாமிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் பெண் ஆனார்.

அதே வருஷம்தான் கஷ்டமும் வரிசை கட்டி வந்தது. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சை. பொண்ணு அம்மா பக்கத்தில் இருந்ததோ கொஞ்ச நாள்தான். பிறகு கொரோனா ஊரடங்கு. ஒலிம்பிக்கே ஒரு வருஷம் தள்ளிப்போனது. ஊருக்குத் திரும்பிய லவ்லினா சேற்றில் இறங்கி நாற்று நட்டார். ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கின பொண்ணு வயலில் குனிந்து நிற்கிற காட்சியை நினைத்துப் பாருங்க. வயல் வேலை செய்த உடம்பு சும்மா உடம்பு இல்லை என்று நமக்குத் தெரியும். அந்த அக்டோபரில் அவருக்கே கொரோனா வந்தது. மற்றவர்கள் பயிற்சிக்கு இத்தாலி போக, இவரால் போக முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு 2021 ஜூலையில் டோக்கியோ. முதல் போட்டியில் ஜெர்மனி வீராங்கனையை 3-2 என்று மயிரிழையில் ஜெயித்தார். அடுத்து வந்தவர் சீன தைபே நாட்டின் சென் நியென்-சின். 2018 உலகப் போட்டியில் லவ்லினாவை அரையிறுதியில் தோற்கடித்தவர் அவர்தான். இந்தத் தடவை 4-1 என்று ஜெயித்தது நம்ம பொண்ணு. பதக்கம் உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி அரையிறுதி. அசாம் சட்டமன்றத்திலேயே அலுவலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தாங்க. எதிரே அப்போதைய உலக சாம்பியன், துருக்கியின் புசெனாஸ் சுர்மெனெலி. லவ்லினா தோற்றார். ஆனால் வெண்கலத்தோடு ஊர் திரும்பினார். அப்போ வயசு 23.

இனிமேதான் என் தலைப்புக்கு வருகிறேன். பதக்கம் உறுதியான சமயத்தில், அவர் வீட்டுக்குப் போகிற மண் ரோட்டைத் தார் ரோடாக மாற்றுகிற வேலை வேகமாக நடந்தது. சுமார் மூன்றரை கிலோமீட்டர். மழை பெய்தால் சேறும் சகதியுமாகக் கிடந்த வழி. பொண்ணு திரும்பி வருவதற்குள் முடிக்கணும் என்று ராப்பகலாக வேலை.

செய்தியைப் படித்து எல்லோரும் கை தட்டினாங்க. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கணக்கு எழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? ஒரு கேள்வி வந்தது. அந்த ரோட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், பிரசவத்துக்குப் போன பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போன அந்த அம்மா, இவங்க யாருக்கும் அந்த ரோடு தேவைப்படவில்லையா? ஒலிம்பிக் பதக்கம் வாங்கினால்தான் ஒரு பொண்ணு வீட்டுக்கு ரோடு வருமா?

ஊரும் அரசாங்கமும் ஜெயித்த பிறகுதான் வருவாங்க. ஜெயிக்கிறதுக்கு முன்னாடி, இது தேறுமா தேறாதா என்று ஒருத்தருக்கும் தெரியாத காலத்தில், ஷூவுக்கும் பஸ் காசுக்கும் முட்டைக்கும் செலவு செய்தது அந்த அப்பா அம்மா. நாற்றுக்குத்தான் தண்ணீர் பாய்ச்சணும். கதிர் முற்றின பிறகு பாய்ச்சி என்ன செய்ய?

நான் எழுதுகிற கடன் பேரேட்டில் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆடு வாங்க, மாடு வாங்க, தையல் மிஷின், வீடு மராமத்து, ஆஸ்பத்திரி செலவு, ஸ்கூல் ஃபீஸ், காதுகுத்து, மகள் கல்யாணம் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். 'மகள் விளையாட்டுப் பயிற்சிக்கு' என்று இன்றுவரை ஒரு வரி எழுதினதில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வோம்? 'ஆடு வாங்கினா குட்டி போடும், இதுக்குக் குடுத்தா என்னக்கா திரும்பி வரும்?' என்போம். நியாயமான கேள்விதான். எல்லாப் பொண்ணும் லவ்லினா ஆகப்போவதில்லை.

அதற்கு அந்த வீட்டிலேயே பதில் இருக்கிறது. அக்காமார் ரெண்டு பேரும் தேசிய அளவு வரை போய், அதற்கு மேல் அந்த விளையாட்டைத் தொடரவில்லை. அவங்களுக்குச் செய்த செலவு வீணா? அவங்க போன தடத்தில்தான் தங்கச்சி நடந்தாள். முதல் ரெண்டு பொண்ணுக்குச் செலவு செய்ய யோசித்திருந்தால் மூணாவது பொண்ணுக்குப் பதக்கமே இல்லை. நம்ம குழுவில் ஒருத்தி வாங்கிச் சரியாகக் கட்டின கடனைப் பார்த்துத்தானே அடுத்தவள் தைரியமாகக் கேட்கிறாள்? அதே மாதிரிதான் இதுவும்.

பதக்கத்தோடு கதை முடியவில்லை. 2022 ஜனவரியில் அசாம் காவல்துறையில் டி.எஸ்.பி. ஆனார். அதே வருஷம் காமன்வெல்த் போட்டி சமயத்தில், தன் பயிற்சியாளர் சந்தியா குருங் தன்னோடு இருக்க வழியில்லாமல் செய்கிறாங்க, மனசு வேதனைப்படுது என்று எல்லோரும் அறிய வெளிப்படையாக எழுதினார். பிறகு அந்தப் பயிற்சியாளருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அந்தப் போட்டியில் லவ்லினா காலிறுதியில் தோற்றார். வாய் பேசினாள், தோற்றாள் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமா? அவர் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார். பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருடைய 69 கிலோ பிரிவே இல்லை என்றானதும், 75 கிலோவுக்கு ஏறினார். அந்த எடையில் 2022 நவம்பரில் ஆசியப் பட்டம். 2023 மார்ச்சில் டெல்லியில் உலகப் பட்டம். அந்த உலகப் போட்டியில் லவ்லினாவோடு நிகத் ஜரீன், நீத்து கங்காஸ், சவீட்டி பூரா என்று நாலு இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினாங்க. 2024 பாரிஸில் காலிறுதியில் சீனாவின் லி கியானிடம் தோற்றார். அந்த லி கியான்தான் கடைசியில் தங்கம் வாங்கினவர். தோல்வியும் வெற்றியும் மாறி மாறித்தான் வந்திருக்கிறது, நம்ம வாழ்க்கை மாதிரியே.

கடைசியாக மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் உள்கடன் நோக்கத்தில் 'மகள் விளையாட்டுப் பயிற்சி' என்பதையும் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். பெரிய தொகை வேண்டாம். ஒரு ஜோடி ஷூ, போட்டிக்குப் போய் வரப் பஸ் செலவு, அவ்வளவுதான்.

ரெண்டு, பொண்ணு வயசுக்கு வந்ததும் விளையாட்டை நிறுத்தாதீங்க. நம்ம மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பெண் பிள்ளைகளுக்கும் விளையாட்டு விடுதி நடத்துகிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சரிடமும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் தேர்வு எப்போ என்று விசாரித்து, குழுக் கூட்டத்தில் சொல்லுங்க. தெரியாமல் போனதால் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு போகக் கூடாது.

மூணு, லவ்லினா பிறந்த அக்டோபர் 2 அன்றைக்கு நம்ம ஊர்களில் கிராம சபை நடக்கும். அதில் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, விளையாட்டு மைதானத்துக்குப் போகிற வழிக்குத் தெருவிளக்கு கேளுங்க, மைதானத்தில் பொண்ணுங்களுக்குக் கழிப்பறை கேளுங்க, ரோடு கேளுங்க. நம்ம பிள்ளைங்க பதக்கம் வாங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே கேட்போம்.

பேரேட்டில் அந்தப் புது வரியை முதலில் எழுதப்போவது எந்தக் குழு என்று பார்க்க ஆசையாக இருக்கிறேன். பேனாவோடு காத்திருக்கிறேன்.