உயிர்க்காற்று ஓர் அமானிதம்
(ஜமாஅத் பொதுக்குழுவில் ஆற்றப்பட்ட உரை)



2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் ஆக்ஸிஜனுக்காக நாடே தவித்ததை நாம் மறக்கவில்லை. 'அவசரத்திற்கு வெல்டிங் பட்டறைச் சிலிண்டர் போதாதா?' என்று இன்றும் சிலர் வினவுகின்றனர். அதற்கு விடை கூற விழைகிறோம்.

இரண்டும் பெரும்பாலும் காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்தெடுக்கப்படுபவையே. இம்முறையில் தயாராகும் மருத்துவ ஆக்ஸிஜன் குறைந்தது 99 சதவீதம் தூய்மையாக இருத்தல் வேண்டும். தொழிற்சாலை ஆக்ஸிஜனும் பல வேளைகளில் 99.5 சதவீதத்தை எட்டுகிறது. ஆயினும் எஞ்சிய சிறு பங்கில் என்ன கலந்துள்ளது என்பதே நோயாளிக்கு முக்கியம்.

மருத்துவ ஆக்ஸிஜன் நம் நாட்டுச் சட்டப்படி ஒரு மருந்து. கார்பன் மோனாக்சைடு, ஈரப்பதம் முதலியவை சோதிக்கப்பட்டு, உரிமம் பெற்றவர்களால் தொகுதி எண்ணுடன் அது வழங்கப்படுகிறது. பட்டறைச் சிலிண்டருக்குள் துரு, எண்ணெய்ப் பிசுக்கு, வேறு வாயுவின் மிச்சம் ஆகியன உள்ளனவா என்று மருத்துவ நோக்கில் எவரும் பார்ப்பதில்லை. 2021 நெருக்கடியிலும் தொழிற்சாலைச் சிலிண்டர்களைத் தூய்மை செய்து மாற்றியமைத்த பின்னரே மருத்துவத்திற்குப் பயன்படுத்த வேண்டுமென விதிக்கப்பட்டது.

கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் மருத்துவச் சிலிண்டரின் அடையாளம். முழுக் கறுப்பு தொழிற்சாலைக்குரியது. வண்ணத்தை மட்டும் நம்பாது, ஒட்டியுள்ள சீட்டையும் படித்துப் பாருங்கள்.

சிலிண்டரை இரவல் தருவோருக்கும் பெறுவோருக்கும் நோயாளியின் மூச்சு ஓர் அமானிதம். அதனைப் பேணிக்காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.