செங்கல் அறுத்த கையே வரைபடமும் வரைந்தது

 

கட்டடக்கலை பயிலும் மாணவர்க்கு ஊக்கமூட்டும் கட்டடம் எது எனக் கேட்டால், பலரும் அரண்மனைகளையும் கோபுரங்களையும் சுட்டுவர். நான் சுட்ட விரும்புவது, மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டிய ஒரு கல்விக்கூடத்தை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி என்னும் சிற்றூரில், அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்காக 1881-இல் ஒரு பள்ளி தோன்றியது. அதன் முதல்வர் புக்கர் டி. வாஷிங்டன் தாமும் அடிமையாய்ப் பிறந்தவர். கட்டடம் எழுப்பப் பணமில்லை. மாணவர்களே மண் குழைத்துச் செங்கல் அறுத்தனர். முதல் மூன்று சூளைகளும் பாழாயின. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார். அது வெற்றி கண்டது. அவ்வட்டாரத்து வெள்ளையரும் அச்செங்கல்லை விலைக்கு வாங்கினர்.

செங்கல் ஆயத்தமாயிற்று, வரைபடம் வரைபவர் யார்? 1892-இல் ராபர்ட் டெய்லர் வந்தார். அடிமையாய்ப் பிறந்த தச்சர் ஒருவரின் மகன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவர் கட்டட வரைகலை கற்பித்தார். பள்ளியின் கட்டடங்களுக்கு வரைபடமும் தந்தார். 1898-இல் நிறைவுற்ற வழிபாட்டு மன்றத்திற்கு மாணவர்கள் அறுத்த செங்கல் 12 லட்சம். தாளிற் கண்ட கோடு சுவராய் எழுவதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். அங்குப் பயின்ற வெர்ட்னர் டாண்டி, நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக்கலைஞர் ஆனார்.

வாஷிங்டன் கைத்தொழிலையே பெரிதாகப் போற்றி உயர்கல்வியைப் பின்தள்ளுகிறார் என்று கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் 1903-இல் கண்டித்தார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. செங்கல்லோடு நின்றிருந்தால் டஸ்கீகி ஒரு சூளையாகவே இருந்திருக்கும். வரைபடமும் கற்பித்ததால் கட்டடக்கலைக்கூடம் ஆயிற்று. அம்மன்றம் 1957-இல் தீக்கிரையானது. 1969-இல் புதியது எழுந்தது. இன்று அங்குள்ள கட்டடக்கலைக் கல்லூரி டெய்லரின் பெயரையே தாங்குகிறது.

இளைஞர்களே! நம் பெற்றோர் சூளையில் வெந்தனர், சாரத்தில் ஏறினர். அவர்கள் எழுப்பிய மாளிகைகளில் அவர்தம் பெயர் இல்லை. உழைப்பு நம்முடையது, வரைபடம் பிறருடையது என்னும் நிலை மாற வேண்டாவா? மேனிலைப் பள்ளியில் கணிதம் பயிலுங்கள். ‘நாட்டா’ நுழைவுத் தேர்வு எழுதுங்கள். 5 ஆண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் நம் பிள்ளைகளும் சேரட்டும். அடுத்து இச்சங்கம் எழுப்பும் கட்டடத்தின் வரைபடத்தில் உங்களுள் ஒருவர் கையொப்பம் இருக்கட்டும்.