பிள்ளையின் பார்வைக்கு ஒரு பருவம் உண்டு

(பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



குழந்தை பிறக்கும்போதே முழுப் பார்வையோடு பிறப்பதில்லை. மடியில் கிடக்கும் பிள்ளைக்குத் தாயின் முகம்கூட மங்கலாகத்தான் தெரியும். நுணுக்கமாகப் பார்க்க உதவுவது விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி. பிறந்து சில ஆண்டுகள் வரை அது வளர்ந்துகொண்டிருக்கிறது. கண் அனுப்பும் படத்தைப் புரிந்துகொள்ள மூளையும் பழக வேண்டும். ஏறக்குறைய ஐந்து, ஆறு வயதில்தான் பெரியவர்களுக்கு நிகரான கூர்மை வருகிறது.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு அறிஞர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடிவைத்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அப்படி நேரவில்லை. இவ்விருவருக்கும் 1981இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்கும் இது நேரலாம். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம், மாறுகண், பிறவிக் கண்புரை ஆகியவை இருந்தால், மூளை நல்ல கண்ணை மட்டுமே நம்பிப் பழகிவிடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறோம். பிள்ளை இதைச் சொல்லாது. ஒரு கண்ணால் ஓடும், விளையாடும், ஓதும். தனக்குக் குறை இருப்பதே அதற்குத் தெரியாது.

ஆகவே, மூன்று நான்கு வயதுக்குள் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் பிள்ளை அழுதாலோ, கையைத் தட்டிவிட்டாலோ கவனியுங்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள், நம்பாதீர்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதும் ஆபத்து. வளரும் காலம்தான் மருந்து வேலை செய்யும் காலம்.

சிகிச்சை எளிது. முதலில் கண்ணாடி. தேவைப்பட்டால், மருத்துவர் சொல்லும் நேரம் வரை நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடி, பலவீனமான கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் ஓரளவு பலன் உண்டு, காட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. கண்ணாடியைப் பிறகு கழற்றலாம். பருவத்தில் இழந்த பார்வையை முழுமையாகத் திரும்பப் பெறுவது கடினம். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கண்ணும் அப்படித்தான்.