சென்னையை நிறுவியவர் யார்?



சென்னையை நிறுவியவர் பிரான்சிஸ் டே என்று பள்ளியில் படித்தோம். 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி வாங்கியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் இடம் கொடுத்தவர் நாயக்கர். சென்னப்பட்டினம் என்ற பேரே அவர் தகப்பனார் சென்னப்ப நாயக்கருடையது. பேச்சுவார்த்தைக்குத் துணை நின்றவர் துபாஷி பேரி திம்மப்பா. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த ஊர்கள்.

என் ஓட்டு ஆண்ட்ரூ கோகனுக்கு. டேக்கு மேலதிகாரி; மசூலிப்பட்டினத்தில் இருந்தவர். 1640-ல் டேயுடன் வந்து கோட்டை வேலையை ஆரம்பித்தார். லண்டன் கம்பெனி பின்னால் என்ன செய்தது தெரியுமா? கோட்டைக்கு வீண் செலவு செய்தார் என்று கோகன் மேலேயே குற்றம் சாட்டியது. பில்லில் கையெழுத்துப் போட்டவன் பாடு, இங்கே இருக்கிற எஞ்சினியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை!

சரி, கல் சுமந்தவர்கள் பேர்? எங்கள் அனுப்பர்பாளையத்தில் பித்தளைக் குடத்தை அடித்தவர் பேர் குடத்தில் இருக்காது. சீர் கொடுத்த மாமன் பேரைத்தான் வெட்டுவார்கள். கோட்டையிலும் அதே கதைதான்.

டே கட்சிக்காரர்கள் மதியப் பந்தியில் என்னிடம் சண்டைக்கு வரலாம்.